ஏட்டிகஸை மாற்றலாமா?

நாவலை நாடகமாக்கினாலே “மூலத்தைக் கெடுத்துட்டாங்க” என்று ஒரு கூட்டம் கிளம்பும். ஹார்ப்பர் லீ எழுதிய அமெரிக்க நாவல் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ விஷயத்தில் அது கோர்ட்டு வரைக்கும் போனது. ஆரன் சார்கின் எழுதிய நாடகம் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் மேடையேறும் முன்பே, 2018 மார்ச்சில், மறைந்த லீயின் உரிமைகளைக் கவனிக்கும் எஸ்டேட் தரப்பு வழக்குப் போட்டது. பாத்திரங்களை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்க, கறுப்பினத்தவர் ஒருவருக்காக வாதாடும் வெள்ளைக்கார வக்கீல் ஏட்டிகஸ் ஃபின்ச்சை மாற்றிவிட்டார்களாம். மே மாதம் சமரசம், டிசம்பரில் அரங்கேற்றம்.

என் ஓட்டு சார்கினுக்குத்தான்.

நாவலில் கதை சொல்பவள் மகள் ஸ்கவுட். அப்பாவை அண்ணாந்து பார்க்கும் கண் அது. அதனால் ஏட்டிகஸ் முதலிலிருந்தே குறையில்லாதவராக இருப்பது படிக்கும்போது உறுத்துவதில்லை. மேடையிலோ ஆளே எதிரில் வந்து நிற்கிறார். எதிலும் தடுமாறாத ஒருவரை வைத்துக்கொண்டு நாடகம் எப்படி நகரும்?

சார்கின் அவருடைய நல்ல குணத்திலேயே கைவைத்தார். நாவலின் ஏட்டிகஸுக்கு வழக்கில் தோற்கப்போவது முன்பே தெரியும். நாடகத்தின் ஏட்டிகஸோ எல்லாருக்குள்ளும் நல்லது இருக்கிறது என்று நம்புகிறார். ஊர் வெள்ளைக்கார ஜூரியையும் சேர்த்து நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பது, அவர் யாருக்காக வாதாடுகிறாரோ அந்த டாம் ராபின்சன். இதை முகத்துக்கு நேரே கேட்பவர் ஏட்டிகஸ் வீட்டில் சமைக்கும் கறுப்பினப் பெண் கல்பர்னியா. 1960இல் வந்த நாவலில், ஒரு கறுப்பின மனிதனின் உயிர் ஊசலாடும் வழக்கைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது. அவரைப் பேசவைத்த ஒன்றுக்காகவே மற்ற மாற்றங்களையெல்லாம் மன்னிக்கலாம்.

அப்புறம், குழந்தைகளாகப் பெரியவர்களையே நடிக்கவைத்தார்கள். ஸ்கவுட்டாக வந்த சீலியா கீனன்-போல்ஜருக்கு அப்போது 40 வயது. பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதும் வாங்கினார். வளர்ந்த பெண் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதைதானே, இதில் தப்பென்ன?

எனக்குக் கோபம் வேறிடத்தில். 2019இல் இதே நாடகத்தின் தயாரிப்புத் தரப்பு, கிறிஸ்டோபர் செர்கெலின் பழைய நாடக வடிவத்தை நடத்தவிருந்த சின்னச் சின்னக் குழுக்களுக்கு வக்கீல் கடிதம் அனுப்பியது. பல இடங்களில் நாடகம் ரத்து. எதிர்ப்பு வலுத்ததும் “எங்கள் பிரதியை வேண்டுமானால் நடித்துக்கொள்ளுங்கள்” என்று இறங்கிவந்தார்கள். மாற்றி எழுதும் உரிமைக்காகக் கோர்ட்டில் நின்றவர்கள், மாற்றாமல் நடித்தவர்களை மிரட்டியது என்ன நியாயம்? லீயின் சொந்த ஊரான மன்ரோவில்லில் அந்தச் செர்கெல் வடிவத்தைப் பழைய நீதிமன்றக் கட்டடத்திலேயே பல வருஷங்களாக நடத்திவந்தார்கள். பார்க்க வந்தவர்களிலிருந்தே ஜூரியைப் பொறுக்கி உட்காரவைப்பார்கள். அந்த வேலையை எந்த பிராட்வே அரங்கம் செய்யும்?