அம்மா கடைசியாகச் சாப்பிடும் வீட்டில் பிள்ளைக்கு இரக்கம் எங்கிருந்து வரும்?

பிள்ளைகளை இரக்கமுள்ளவர்களாக வளர்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் உடனே வரும் பதில்கள் எல்லாருக்கும் தெரியும். நல்ல கதை சொல்லுங்கள், ஆசிரமத்துக்குக் கூட்டிப்போய் பிறந்தநாள் கொண்டாடுங்கள், நாய்க்குட்டி வாங்கிக் கொடுங்கள். எதுவும் தப்பில்லை, செய்யலாம். ஆனால் வீட்டில் வேலை யார் தலையில் விழுகிறது, யாருடைய களைப்பை யார் கவனிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒரு பிள்ளை இரக்கத்தைக் கற்றுக்கொள்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிப்பது என்று ஒரு பக்கம் பேசுகிறோம், நல்ல பிள்ளை வளர்ப்பது எப்படி என்று இன்னொரு பக்கம் பேசுகிறோம். ரெண்டும் ஒரே விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோசை ஊற்றுகிற எந்த வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தோசை சின்னவனுக்கு, நெய் விட்டு மொறுமொறுவென்று. அடுத்தது பெரியவளுக்கு. அப்புறம் அப்பாவுக்கு, அவர் டிவியைப் பார்த்தபடியே "சட்னி கொஞ்சம்" என்பார், கல்லில் தோசை வெந்துகொண்டிருக்கும்போதே அம்மா சட்னிக் கிண்ணத்தோடு ஹாலுக்கு ஓடிவருவார். எல்லாரும் கை கழுவிவிட்டு எழுந்த பிறகு, மாவுச் சட்டியின் அடியில் இருப்பதை வழித்துத் தடியாக ஒன்று ஊற்றி, மிச்சச் சட்னியோடு அடுப்படி மேடைப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுவார். பாதி வாயில் இருக்கும்போதே "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று ஒரு குரல் வரும். இந்த வீட்டில் யாருமே கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் அம்மா மேல் உயிர். ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று வாரா வாரம் இதைப் பார்த்து, சூடாகச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லாத ஒரு ஆள் வீட்டில் உண்டு, அவருக்குக் கால் வலிக்காது, அவரைக் கேட்கவும் வேண்டாம் என்று பழகிக்கொள்கிறது. அன்னையர் தினத்துக்கு ஸ்டேட்டஸ் வைக்கச் சொல்லிக் கொடுப்பதால் இது மாறாது.

இதை என் கற்பனை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவதாகப் பதிவான பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். இது 6 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாரையும் சேர்த்த கணக்கு. அப்படி வேலை செய்கிறவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிடம் என்று கொஞ்சம் குறைந்திருந்தது. ஆண்கள் அந்தப் பத்து நிமிடத்தை வாங்கிக்கொண்டார்களா என்று பார்த்தால், அவர்களுடையதும் 88 ஆகக் குறைந்துவிட்டது. ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு நடுவில்தான் நம் பிள்ளைகள் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் இருக்குமா?

கண்ணில் படுகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலிசா கிராஃப்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014ல் வெளியிட்டது. 7 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் பார்த்தார்கள். அப்பா வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுப் பெண்பிள்ளைகள் எதிர்காலத்தில் என்ன ஆகலாம் என்று விரிவாக ஆசைப்பட்டார்கள். ஆணும் பெண்ணும் சமம் என்று வாயால் சொல்லிவிட்டு, வேலையை மட்டும் பழையபடி அம்மாவிடமே விட்டுவைத்த அப்பாக்களின் மகள்கள், பெண்களுக்கென்று ஊர் ஒதுக்கிவைத்திருக்கும் வேலைகளையே தங்களுக்கும் நினைத்துக்கொண்டார்கள். அப்பா பேசியதை மகள் கேட்டிருக்கிறாள், அதைவிட அதிகமாக அவர் சாப்பிட்ட தட்டை யார் எடுத்தார்கள் என்று பார்த்திருக்கிறாள். சம உரிமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆண் நண்பர்கள் என் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

சரி, பிள்ளைகள் பக்கம் வருவோம். இரக்கம் என்பது நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்ட வேண்டிய சரக்கு என்று நினைக்கிறோம். அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ என்ற இருவர் 2006ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பதினெட்டு மாதக் குழந்தைகள், அதாவது பேச்சே சரியாக வராத வயது. முன்பின் தெரியாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப் கீழே விழுந்துவிடுகிறது, எட்டி எட்டிப் பார்க்கிறார், எடுக்க முடியவில்லை. குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது. இரண்டு கையிலும் பத்திரிகைக் கட்டை வைத்துக்கொண்டு ஒருவர் அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறார். குழந்தை போய்க் கதவைத் திறந்துவிடுகிறது. யாரும் சொல்லவில்லை, மிட்டாய் கொடுக்கவில்லை. அதே கிளிப்பை அந்த ஆள் வேண்டுமென்றே தூக்கிப் போட்டால் பெரும்பாலும் குழந்தை எழுந்து போவதில்லை. உதவி எப்போது தேவை என்பதுகூட அதற்குப் புரிகிறது.

இப்போது நம் வீட்டு ஒன்றரை வயதை நினைத்துப் பாருங்கள். நாம் பெருக்கும்போது துடைப்பத்தைப் பிடுங்கும். கீரை ஆய்கிற இடத்தில் வந்து உட்கார்ந்து தண்டையும் இலையையும் கலந்துவிடும். துணி மடித்தால் மடித்ததைக் கலைத்து அது மடிக்கும். நமக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கிறது, "போ, போய் விளையாடு" என்று கையில் போனைக் கொடுத்து உட்காரவைத்துவிடுகிறோம். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று எல்லா அம்மாவுக்கும் தெரியும், அந்த நேரத்தில் வேறு ஆள் வீட்டில் கை கொடுப்பதில்லை, தனியாகச் செய்கிறவருக்குக் குழந்தையின் உதவி கூடுதல் வேலைதான். பத்து வருஷம் கழித்து "ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்கமாட்டேங்கிறான்" என்று புலம்புகிறோம். அவன் எடுத்து வைக்க வந்த காலத்தில் வீட்டில் இன்னொரு பெரிய ஆள் கூட நின்றிருந்தால், பத்து நிமிஷம் தாமதமானாலும் பரவாயில்லை என்று அவனையும் சேர்த்துக்கொண்டிருக்கலாம். அம்மா ஒருத்தியே எல்லாவற்றையும் சமாளிக்கும் வீட்டில் பிள்ளைக்கு வேலை பழகவே இடமில்லாமல் போகிறது. இதனால்தான் ரெண்டும் ஒரே விஷயம் என்றேன்.

பரிசு கொடுத்துப் பழக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்டார் ஒட்டும் சார்ட் இப்போது எல்லா வீட்டு ஃபிரிட்ஜிலும் இருக்கிறது. அதே வார்னெக்கனும் தோமசெல்லோவும் 2008ல் இருபது மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். உதவியபோது பொருள் பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள், பரிசு நின்றதும் உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். வெறும் பாராட்டு கிடைத்தவர்களும் எதுவுமே கிடைக்காதவர்களும் வழக்கம்போல உதவினார்கள். பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் ஐந்து ரூபாய் என்று ஆரம்பித்தால் அது பேரத்தில்தான் போய் நிற்கும். "பாட்டிக்கு மூட்டு வலி குறைந்தது பார், நீ எடுத்துக் கொடுத்ததால் எழுந்திருக்க வேண்டிய வேலை இல்லாமல் போச்சு" என்று சொன்னால் போதும்.

சண்டை, அடிதடி என்று வரும்போதும் இதேதான். மார்ட்டின் ஹாஃப்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலிருந்தே சொல்லிவந்தது, அடித்து மிரட்டுவதைவிட, நீ செய்ததால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று எடுத்துச் சொல்வது பிள்ளையின் மனசாட்சியை வளர்க்கும் என்பது. நம்மூரில் "சாரி சொல்லு" என்று முதுகில் தட்டுவோம், அவனும் எங்கோ பார்த்துக்கொண்டு சாரி சொல்லிவிட்டு ஓடிவிடுவான். "அவனுடைய டிபன் பாக்ஸை ஒளித்துவைத்தாயே, மத்தியானம் அவன் என்ன சாப்பிட்டிருப்பான், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான்?" என்று உட்காரவைத்துக் கேட்டால் அவன் முகம் மாறும். இதற்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், ராத்திரி பத்து மணி வரை நிற்கிற ஒருவரிடம் அது ரெண்டும் மிஞ்சாது.

பாத்திரம் கழுவ வருகிற அக்காவுக்குக் காபி கொடுக்கும் டம்ளர் பற்றிப் பேசாமல் இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனசு வராது. பல வீடுகளில் அது தனி. சர்வீஸ் ஏரியா ஜன்னல் திட்டில், பினாயில் பாட்டில் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும், ஓரம் நசுங்கியிருக்கும். பிள்ளையிடம் யாரும் விளக்கமாட்டார்கள், விளக்க முடியாது. ஆனால் எட்டு வயதில் "அக்காவுக்குக் காபி ஊத்திக் கொடு" என்றால் அது நேராகப் போய் அந்த டம்ளரை எடுக்கும். அதே பிள்ளை ஐம்பது வயதுப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடும், ஹாலில் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு "அவங்க பெருக்குவாங்க" என்று சொல்லும். நாம் எல்லாரும் சமம் என்று பள்ளியில் உறுதிமொழி எடுத்துவிட்டு வந்த பிள்ளைதான். தயவுசெய்து அந்த டம்ளரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எல்லாரும் குடிக்கிற டம்ளரில், எல்லாரும் உட்காருகிற நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கொடுங்கள். பத்து நீதிக்கதை செய்யாததை இது செய்யும்.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் இதைப் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியைச் சுமக்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். அமெரிக்காவில் எலன் கலின்ஸ்கி என்பவர் 1999ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், அம்மா அப்பா விஷயத்தில் ஒரே ஒரு ஆசை நிறைவேறும் என்றால் என்ன கேட்பாய் என்று கேட்டார். எங்களோடு இன்னும் அதிக நேரம் வேண்டும் என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள் என்று பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நினைத்தார்கள். அம்மா இன்னும் அதிக நேரம் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டது 10 சதவீதப் பிள்ளைகள்தான். 34 சதவீதம் பேர், அம்மா இவ்வளவு டென்ஷனாக, இவ்வளவு களைப்பாக இருக்கக் கூடாது என்று கேட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பிள்ளைகளுக்கு நம் களைப்பு தெரிகிறது, அது குறைய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், குறைக்கிற வழியைத்தான் யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

அப்படியே, ஒருநாள் கோபத்தில் கத்திவிட்டேன், பிள்ளை கெட்டுப்போய்விடுமா என்று பயப்படுகிறவர்களுக்கு: எட்வர்ட் டிரானிக் என்ற ஆய்வாளர் தாயும் குழந்தையும் முகம் பார்த்துப் பழகுவதை நுணுக்கமாகக் கவனித்தவர். நல்ல உறவில் உள்ள தாயும் சேயுமே சுமார் 30 சதவீத நேரம்தான் ஒருவருக்கொருவர் சரியாகப் பொருந்தியிருந்தார்கள். மீதி நேரம் தவறிப்போவதும் திரும்பச் சேர்ந்துகொள்வதுமாகத்தான் போனது. கத்திய பிறகு கிட்டே போய் "அம்மா ரொம்பக் களைத்துப்போயிட்டேன், உன் மேல் காட்டினது சரியில்லை" என்று சொல்கிற வீட்டில் பிள்ளை அந்தச் சேர்ந்துகொள்ளுதலைக் கற்றுக்கொள்கிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைசி தோசைகளைப் பையன்தான் ஊற்றுகிறான், நான் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறேன். சிலது கிழியும், கிழிந்ததைச் சாப்பிடுவோம். ராத்திரிப் பாத்திரம் அவன் அப்பா. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் "ஆம்பளப் பிள்ளையை அடுப்படியில் நிறுத்துறியே" என்று வருத்தப்பட்டார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை அப்படி. ஆனால் மாற்றவில்லை. சட்டமும் இந்த விஷயத்தில் பெரிதாகக் கை கொடுப்பதில்லை. பேறுகால நலச் சட்டத்தில் 2017ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு, மத்திய அரசில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு 15 நாள், தனியார் கம்பெனியில் இருக்கிற அப்பாவுக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே யார் எதைச் செய்வது என்று முடிவாகிவிடுகிறது, அப்புறம் மாற்றுவது கஷ்டம். அப்பாக்களுக்கு விடுப்பு வேண்டும் என்று நாம்தான் சத்தமாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக, பிளஸ் டூ வீடுகள். "படிக்கிற பிள்ளை, இந்த வருஷம் மட்டும் ஒரு வேலையும் சொல்லாதே" என்பது நம்மூரில் கிட்டத்தட்ட விதி. ஹார்வர்ட் கல்வியியல் கல்லூரியில் ரிச்சர்ட் வைஸ்போர்ட் குழு 33 அமெரிக்கப் பள்ளிகளில் 10,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கேட்டு 2014ல் வெளியிட்ட அறிக்கையில், எனக்கு முக்கியம் சாதனை அல்லது என் சந்தோஷம் என்று சொன்னவர்கள் 80 சதவீதத்துக்குப் பக்கம், மற்றவர்கள் மேல் அக்கறை என்று சொன்னவர்கள் 20 சதவீதம். நான் நல்ல மனுஷனாக இருப்பதைவிட நல்ல மார்க் வாங்கினால்தான் என் பெற்றோர் பெருமைப்படுவார்கள் என்பதை ஒப்புக்கொண்டவர்கள், மறுத்தவர்களைப்போல் மூன்று மடங்கு. பெற்றோரைக் கேட்டால் எல்லாரும் குணம்தான் முக்கியம் என்று சொல்வோம். பிள்ளைக்கு வேறு மாதிரி கேட்கிறது, ஏனென்றால் பரீட்சை வருஷத்தில் வீடே அவனுக்காக மூச்சடக்கி நிற்கிறது, அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலும் அவன் அறைக்குத் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்துகிறோம். அடுத்த வருஷம் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் காய்ச்சல் வரும்போது மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வந்து கொடுக்க அவனுக்கு எப்படித் தோன்றும்? அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் கதவைத் திறந்து சொல்லுங்கள். அரை மணி நேரம் புத்தகத்தை மூடிவிட்டு வந்து ரசம் வைக்கட்டும், மாத்திரை எடுத்துக் கொடுக்கட்டும், அப்புறம் போய்ப் படிக்கட்டும்.