வைக்கோலை மாட்டுக்கு விடுங்கள், சோகையைக் கட்டுங்கள்

சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டா முழுக்க வயல்களில் வைக்கோல் உருளைகள் கிடக்கின்றன. லாரி வருகிறது, ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கோ நாமக்கல்லுக்கோ போய்விடுகிறது. வைக்கோலை உருட்டிக் கட்டிய இயந்திரம் (பேலர்) கொட்டகைக்குள் நுழைந்துவிடுகிறது. அடுத்த குறுவை அறுவடைவரை அதன் மேல் கோழி அடைகிறது. அந்தக் கொட்டகைக்கு எதிரிலேயே கரும்பு வெட்டிய வயலில் சோகைக்கு, அதாவது காய்ந்த கரும்பு இலைக்குத் தீ வைக்கிறார்கள். திருவையாற்றிலிருந்து பாபநாசம் போகிற சாலையில் மாசி மாதத்தில் வந்து பாருங்கள், கண் எரியும்.

கழிவைக் கொளுத்தாமல் கட்டி எரிபொருளாக்கலாம் என்ற பேச்சை எடுத்தாலே, "வைக்கோலில் மின்சாரம் எடுக்கலாமே, ஒரு பெரிய நிலையம் வரட்டுமே" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு 5 முதல் 7 விழுக்காடு பயிர்க்கழிவைக் கலக்கவேண்டும் என்று மத்திய அரசு கொள்கை வகுத்திருக்கிறது. பஞ்சாபில் வைக்கோலுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் அங்கே அது பொருந்தலாம். இங்கே வைக்கோலுக்கு மாடு இருக்கிறது, காளான் வளர்ப்பவர் இருக்கிறார். போதாக்குறைக்கு, எரிபொருளாக நெல் வைக்கோல் மகா மட்டம். 100 கிலோ எரித்தால் 15 கிலோவுக்கு மேல் சாம்பல் நிற்கும். விறகில் அது ஒன்றிரண்டு கிலோதான். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, கூடவே பொட்டாஷ். இரண்டும் சூட்டில் இளகிச் சேர்ந்து கொதிகலனுக்குள் கண்ணாடிப் பாறையாகப் படிந்துவிடும். வைக்கோலில் இருக்கிற குளோரின் குழாய்களை அரிக்கும். சரி, எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன் வைக்கோலோடு சுமார் 15 கிலோ பொட்டாசியம் வயலைவிட்டு வெளியேறுகிறது. மாட்டுக்குப் போட்டால் எருவாகவாவது திரும்பி வரும். லாரியில் போனது திரும்பாது, அதற்குப் பதில் நாம் கடையில் பொட்டாஷ் மூட்டை வாங்கிக்கொண்டிருப்போம்.

அதனால் நான் கேட்பது வேறு. மாடு தின்னாத, மண்ணுக்கும் அவ்வளவாகத் திரும்பிப் போகாத, இன்று சும்மா கொளுத்தப்படுகிற கழிவுகளைக் கட்டுங்கள். முதலாவது கரும்புச் சோகை. ஏக்கருக்கு 3 டன்னாவது விழும். வெட்டிய கட்டையிலிருந்தே கரும்பை மறுபடி வளரவிடுகிற, அதாவது மறுதாம்பு விடுகிறவர்கள் ஒரு சால்விட்டு ஒரு சால் பரப்பி மூடாக்காக வைத்துக்கொள்ளட்டும், அது நல்ல பழக்கம். அடுத்து நெல் போடப்போகிறவர் உழவு தடைபடும் என்று கொளுத்துகிறாரே, அந்தச் சோகையைத்தான் சொல்கிறேன். இரண்டாவது, கடலோரச் சவுக்குச் சருகு. சீர்காழிப் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் மணல் தெரியாமல் மெத்தையாகக் கிடக்கிறது. கோடையில் ஒரு பீடி நெருப்பு போதும், தோப்பே போய்விடும். மூன்றாவது, தென்னை மட்டையும் பாளையும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தோப்புகளைச் சாய்த்தபோது மட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் சாலையோரம் அடுக்கிவைத்திருந்தார்கள். வாழைத்தண்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்.

இதற்குக் கொட்டகையில் சும்மா நிற்கிற பழைய கட்டு இயந்திரம் போதுமா என்று கேட்கலாம். என்னைக் கேட்டால், பழையதுதான் இதற்குச் சரி. செவ்வகக் கட்டுப் போடுகிற இயந்திரத்தின் உயிர் அதன் முடிச்சுக் கருவி. அது 1870களின் இறுதியில் அமெரிக்காவில் ஜான் ஆப்பிள்பி கதிர்க்கட்டுகளுக்காகச் செய்த கருவியின் வழிவந்ததுதான். வயலில் நகர்ந்துகொண்டே வாரி, இடித்து அழுத்தி, தானாக முடிச்சும் போடுகிற இயந்திரத்தை எட்வின் நோல்ட் என்ற பென்சில்வேனியா விவசாயி 1937இல் உருவாக்கினார். 1940 முதல் நியூ ஹாலண்ட் அதைத் தயாரித்தது. அந்த அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. மின்னணுப் பலகையும் உணரியும் இல்லாத இயந்திரம் என்றால் ஒரத்தநாட்டுப் பட்டறையிலேயே வாருகிற பல்லை மாற்றிக்கொள்ளலாம், பேரிங் மாற்றிக்கொள்ளலாம். சோகையின் அரம் போன்ற விளிம்பையும் மணலையும் புது இயந்திரத்தில் விட யாருக்கும் மனம் வராது. என் நிலத்துக்கு வைக்கோல் கட்ட வருகிற ஓட்டுநரிடம் சோகையையும் இயந்திரத்துக்குள் விடச் சொன்னேன். "ஐயா, முதலாளி புதிதாக வாங்கியிருக்கிறார், வாருகிற பல் ஒன்று வளைந்தாலும் என் கூலியில் கழிப்பார்" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். தேய்மானம் கழிந்து, இனி விற்றாலும் விலை போகாது என்று கிடக்கிற இயந்திரத்தைத்தான் இதற்கு இறக்கவேண்டும்.

அதற்காக எதையும் இயந்திரத்துக்குள் விடலாம் என்று எண்ணவேண்டாம். கட்டு நிற்பது நீளமான நார் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால். மாவிலை, புளியஞ்சருகு போன்ற துண்டு இலைகளைத் தனியாக விட்டால் கயிறு இறுகுவதற்குள் உதிர்ந்துவிடும். சோகையோடு கலந்து விட்டால் நிற்கும். பருத்தி மாரும் (காய்ந்த பருத்திச் செடித்தண்டு) எள்ளுக் கட்டையும் நல்ல விறகு, ஆனால் கட்டை கட்டையாக உள்ளே போய்ச் சிக்கும். அவற்றை நறுக்காமல் விடக்கூடாது. தென்னை மட்டையில் கீற்றுப் பகுதி மட்டும் போகட்டும், அடிமட்டை அரிவாளுக்கு. ஈரம் இன்னொரு தொல்லை. தை, மாசிப் பனியில் காலை பத்து மணிக்கு முன்னால் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். கட்டுகளை அடுக்கிய போர் பெரிதாக இருந்தால் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு.

சவுக்குச் சருகுக்கு இயந்திரமே வேண்டாம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பைன் மரச் சருகை மரப்பெட்டியில் போட்டு, நெம்புகோலால் அழுத்திக் கையால் கட்டுகிறார்கள். சவுக்கின் சருகும் ஊசி ஊசியாகப் பின்னிக்கொள்வதுதான். மூன்றடி நீளப் பலகைப்பெட்டி, ஒரு பக்கம் கதவு, அடியில் கயிறு பதிய இரண்டு பள்ளம், மேலே ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். ஊர்த் தச்சர் ஒரே நாளில் செய்து தருவார். சருகு கூட்டி அள்ளுகிற பெண்கள் இன்று தலைச்சுமையாகக் கொண்டுபோவதில் பாதிக்கு மேல் காற்றுதான். அதே சருகைக் கட்டாக்கிவிட்டால் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம்.

கயிறு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பிளாஸ்டிக் நூலால் கட்டியதை அப்படியே அடுப்பில் தள்ளுவார்கள், அந்தப் புகையை நம் வீட்டுப் பெண்கள்தான் சுவாசிப்பார்கள். பேராவூரணியில் கயிறு திரிக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் வாங்குவது என்ன நியாயம்? முடிச்சுக் கருவிக்கு ஒரே கனமுள்ள நூல் வேண்டும், தேங்காய் நார்க்கயிறு அதற்கு முரண்டு பிடிக்கும். உருளை இயந்திரத்தில் முடிச்சே கிடையாது. கயிறு சுற்றி அறுபடுவதோடு சரி. அதில் மெல்லிய நார்க்கயிற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

வீட்டு அடுப்புக்கு முழுக்கட்டு உதவாது. இறுக்கமாக இருப்பதால் வெளிப்புறம் கருகும், உள்ளே காற்று போகாது, புகைதான் மிஞ்சும். பிரித்துப் போடவேண்டும். நெல் அவிக்கிற அடுப்பு, செங்கல் சூளை, வீரமாங்குடிப் பக்கத்து அச்சு வெல்லக் கொட்டகை, குயவர் சூளை போன்ற வாய் அகன்ற அடுப்புகளுக்கு இது ஏற்றது. இவை எல்லாம் நம் ஊரைச் சுற்றியே இருப்பது இன்னும் நல்லது. ஏனென்றால் கட்டினாலும் கனமீட்டருக்கு 100, 150 கிலோதான் தேறும். நிலக்கரி அதே இடத்தில் 800 கிலோ அளவுக்கு நிற்கும். தொலைதூரம் ஏற்றினால் கழிவில் கிடைக்கிற லாபத்தை டீசல் தின்றுவிடும். பெரிய நிலையம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய செவ்வக இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தி, டிராக்டரில் மாட்டி, கவைக்கோலால் அள்ளிப் போட்டும் ஓட்டலாம். அப்படி ஓட்டுகிறவர்கள் டிராக்டரின் பின்னால் சுழல்கிற பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாமல் தொடங்கவேண்டாம். வேட்டி முனையோ சேலைத் தலைப்போ பட்டால் ஆளையே இழுத்துவிடும். உள்ளே சிக்கியதை எடுக்க, இன்ஜினை நிறுத்தாமல் கையை உள்ளே விடவும் கூடாது.

திருவையாறு, பாபநாசம், அய்யம்பேட்டைப் பக்கம் யாரிடமாவது ஓடாமல் நிற்கிற பழைய இயந்திரம் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். செவ்வகமோ உருளையோ, எதுவானாலும் சரி. இந்தப் பட்டத்தில் என் கரும்பு வெட்டியதும் சோகையைக் கொளுத்தப்போவதில்லை. டீசலும் கயிறும் என்னுடையது. பல் வளைந்தால் அதற்கும் நானே பொறுப்பு, ஓட்டுநர் கூலியில் கை வைக்கக்கூடாது.