குவாண்டைஸ் மட்டும் போதாதுங்க

கீபோர்டுல வாசிச்ச மிடி ஃபைலை (எந்த நோட்டை எப்ப அழுத்தினோம், எப்ப விட்டோம்னு எண்ணாப் பதிவாகற ஃபைல்) இசைத்தாளா மாத்தறதைப் பத்தி, "மெட்ரோனோம் (தாளத்துக்கு கிளிக் சத்தம் குடுக்கற கருவி) இல்லாம வாசிச்சாலும் பரவால்ல, மிடியைப் பதினாறாம் நோட்டுக்கு குவாண்டைஸ் பண்ணி மியூஸ்ஸ்கோர்ல (இசைத்தாள் எழுதற சாஃப்ட்வேர்) திறந்தா ஷீட் ரெடி"ன்னு உங்க பதிவுல சொல்லியிருக்கீங்க. அது தப்புங்கண்ணா, புதுசா கத்துக்கறவங்க இதை நம்பிருவாங்க.

குவாண்டைஸ் நோட்டை, சம இடைவெளில இருக்கற நேரக் கோடுகள்ல பக்கத்துக் கோட்டுக்கு இழுக்கும், அவ்வளவுதான். கிளிக் இல்லாம வாசிச்சா அந்தக் கோட்டுக்கும் உங்க பீட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. முதல்ல பீட்டைக் குறிச்சு டெம்போ மேப் (எந்த இடத்துல எவ்வளவு வேகம்ங்கற கணக்கு) போடுங்க. டிரிப்ளெட் (ஒரு பீட்டுக்குள்ள சமமா மூணு நோட்டு) வந்தா இன்னும் மோசம்: குவார்ட்டர் நோட்டுக்கு 480 டிக்குன்னா (டிக்குங்கறது மிடி நேரத்தை அளக்கற சின்னத் துண்டு) அந்த மூணு நோட்டும் 0, 160, 320-ல விழணும், 120 டிக்குக்கு ஒண்ணா வர்ற பதினாறாம் கோடு அதை 0, 120, 360-னு மாத்தீரும். தாளமே வேறயாயிரும்.

விரலைச் சீக்கிரம் எடுத்தாலும் தாள்ல ரெஸ்ட்டா (மௌனக் குறியா) வந்து நிக்கும். அதனால நோட்டோட நீளத்தையும் சரி பண்ணோணும். ஈரோட்டுல எங்க சர்ச் கொயருக்கு இப்படி எடுத்த ஒரு தாள்ல பூராவும் ரெஸ்ட்டும், ரெண்டு நோட்டைச் சேக்கற வளைகோடான டையும்தான். நல்லாப் பாடற பசங்களே படிக்க முடியாம நின்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கலை, ராத்திரியே உக்காந்து திருத்தினேன்.

அப்புறம் மிடியில நோட் எண் 61 ஒரே கட்டைதான், ஆனா தாள்ல அது சி ஷார்ப்பா, டி ஃபிளாட்டான்னு அந்த எண்ணுல இல்லீங்க. கீ சிக்னேச்சர் (தாள்ல வரி ஆரம்பத்துல வர்ற ஷார்ப், ஃபிளாட் குறி) பாத்து நாமதான் முடிவு பண்ணோணும். இடது கை, வலது கை பிரிக்கறதும் அப்படித்தான்.