மஞ்சள் சளிக்கு ஆன்டிபயாடிக்கா? பரவும் தகவல் தவறு

"சளி மஞ்சளாகிவிட்டால் கிருமி முற்றிவிட்டது. வீட்டில் மிச்சமிருக்கும் அமோக்சிசிலின் இரண்டு நாள் போடுங்கள், கிளினிக் செலவு மிச்சம்" என்று ஒரு குரல்பதிவு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார். விஷயம்தான் தவறு.

சளிக்கு மஞ்சள், பச்சை நிறம் வருவது பெரும்பாலும் நம் வெள்ளை அணுக்களில் உள்ள நொதியால். வைரஸ் சளியிலும் அப்படித்தான் ஆகும்.

அமோக்சிசிலின் பென்சிலின் குடும்பத்து ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டும் செல்சுவரை அது கட்டவிடாது. சுவர் பலவீனமாகி, உள்ளே தண்ணீர் புகுந்து பாக்டீரியா வெடித்துவிடும். நம் செல்களுக்கு அந்தச் சுவர் கிடையாது, அதனால்தான் அவை தப்பிக்கின்றன. வைரஸுக்கும் சுவர் கிடையாது. அசித்ரோமைசின் போன்ற வேறு ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் புரத உற்பத்தியை முடக்குகின்றன. அந்த உற்பத்திக்கூடமும் வைரஸிடம் இல்லை. சாதாரண சளியும் ஃபுளூவும் வைரஸால் வருபவை. பிறகு மாத்திரை எதைத் தாக்கும்? குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைத்தான். வயிற்றுப்போக்கு வரலாம், பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்தே நேரலாம். மருந்தைத் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியா பெருகவும் அது வழிசெய்யும்.

சிங்கப்பூரில் அமோக்சிசிலின் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே கிடைக்கும். சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் மருந்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆன்டிபயாடிக் பற்றிய விளக்கம் அரசின் ஹெல்த்ஹப் (HealthHub) சுகாதார இணையத்தளத்தில் உண்டு.

காய்ச்சல் விடாமல் அடித்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்; மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்தக் குரல்பதிவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பிய அத்தையிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.