பனி வெள்ளையாதாங்க இருக்கும்

நேத்து நம்ம ஃபோட்டோ குரூப்ல நடந்த கூத்தை பாத்தவங்களுக்கு திரும்ப சொல்ல வேண்டியதில்ல. ஹிமாச்சல் மலைக் கிராமம் கிப்பர்ல, பனியில நான் எடுத்த செந்நரி படத்தை ஒரு சீனியர் டவுன்லோட் பண்ணி, நல்லா இருட்டாக்கி, "ஓவர் எக்ஸ்போஸ் பண்ணிட்டீங்க தம்பி, இப்ப கரெக்டா இருக்கு"ன்னு என்னையே டேக் பண்ணி போட்டிருக்கார். அதுக்கு ஹார்ட் வேற குவியுது. அந்த "கரெக்ட்" பண்ண படத்துல பனி பூரா அழுக்கு சாம்பல், நரியோட கண்ணைத் தேடணும்.

ஐயா, பனி வெள்ளை. அவ்ளோதான் விஷயம்.

கேமராவுக்கு பனின்னா என்னன்னு தெரியாது. எதிர்ல இருக்குறது மொத்தமும் சராசரியா 18% சாம்பல்னு ஒரு கணக்கு வச்சிருக்கும் அதோட வெளிச்சம் அளக்குற மீட்டர். புதுசா விழுந்த பனியோ மேல படுற வெளிச்சத்துல 80, 90 சதவீதத்தை திருப்பி அடிக்குது, மீட்டர் மிரண்டு போய் படத்தை இருட்டாக்கிடும். அதனாலதான் ப்ளஸ் ஒண்ணு, ஒன்றரை, சில நேரம் ரெண்டு ஸ்டாப் வரைக்கும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) எக்ஸ்போஷரை நாமளா ஏத்தி வைக்கிறோம். இது ஏமாத்து வேலை இல்ல, கேமரா பண்ற தப்பை திருத்துறது. கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை வேட்டி சாம்பலா வந்தா மிச்ச காசை குடுப்பீங்களா?

"அப்ப ஹைலைட் எரிஞ்சிடாதா?" நியாயமான கேள்வி, இதுக்கு மட்டும் மரியாதையா பதில் சொல்றேன். எரியும், கண்ணை மூடிக்கிட்டு ஏத்துனா எரியும், அதாவது ரொம்ப வெளிச்சமான இடம் விவரமே இல்லாம வெறும் வெள்ளையாகிடும். நல்ல வெயில்ல கம்மியாதான் ஏத்தணும். அந்த வெளிச்சத்துல பின்னாடி ஸ்க்ரீனே சரியா தெரியாது, அதனால படத்துல இருட்டு எவ்ளோ, வெளிச்சம் எவ்ளோன்னு காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத்தான் நம்பணும், அது வலது ஓரத்துக்கு பக்கத்துல வரணும், முட்டக்கூடாது. என் படத்தை பெருசாக்கி பாருங்க, நரி நடந்து வந்த ஒவ்வொரு கால்தடத்துக்குள்ளயும் லேசா நீல நிழல் தெரியும். எரிஞ்சு போன பனியில அது எங்கேருந்து வரும்?

"எடிட் பண்ணாலே சீட்டிங்"னு ஒருத்தர். சார், நீங்க போய் வேலைய பாருங்க.

கிப்பர் 4,200 மீட்டருக்கு மேல இருக்கு. விடியக்காலைல பேட்டரியை உள்சட்டைப் பாக்கெட்ல வச்சு சூடு காட்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா குளிர்ல பொசுக்குனு சார்ஜ் இறங்கிடும். க்ளவுஸோட டயலைத் திருப்ப முடியாது, கழட்டுனா விரல் மரத்துடும். வ்யூஃபைண்டர்ல நம்ம மூச்சே படிஞ்சு உறைஞ்சு நிக்கும். ரூமுக்கு வந்தாலும் அடுப்பு பக்கத்துல கேமராவை சட்டுனு வெளிய எடுக்க முடியாது, பைக்குள்ளயே மூடி வைக்கணும், இல்லன்னா லென்ஸ் மேல எல்லாம் ஈரம் கோத்துக்கும். அப்படி எடுத்த படத்தைத்தான் ஃபோன்ல ஒரு ஸ்லைடரை இழுத்து கரெக்ட் பண்ணியிருக்கீங்க. ரொம்ப நன்றி.

அதுலயும் ஒரு கமெண்ட், "பனிச்சிறுத்தைக்கு போய்ட்டு நரியோட வந்துட்டாரு பாவம்". 2024 ஜனவரில வந்த கணக்கெடுப்புப்படி நாடு முழுக்கவே பனிச்சிறுத்தை 718, ஹிமாச்சல்ல 51. அது வரலன்னா வரல, நரி என்ன மட்டமா? இன்னொருத்தர், "ஸ்பாட்டர் காட்டினதை க்ளிக் பண்றதுல என்ன திறமை"ங்கிறார். ஆமாங்க, அந்த ஊர்க்காரங்கதான் ஸ்பாட்டர், தூரத்துல இருக்குற மிருகத்தை கண்டுபிடிச்சு காட்டுறவங்க. அவங்க ஸ்கோப்பை வச்சிக்கிட்டு மலைச்சரிவுல மணிக்கணக்கா உக்காந்து பாக்கலன்னா எங்க பாதி பேருக்கு படமே கிடையாது, அதை படத்துக்கு கீழயே எழுதியிருந்தேன், அதை ஒருத்தர் கூட படிக்கல. படிச்சா திட்ட விஷயம் கெடைக்காதே.

எனக்கு கோவம் எக்ஸ்போஷர் பத்தி கூட இல்லங்க. இத்தனை வருஷம் அதே குரூப்ல புதுசா வர்ற பசங்களுக்கு இதே மீட்டர் கதையை நான்தான் பொறுமையா எழுதிக்கிட்டு இருந்தேன். நேத்து அதுல ஒருத்தனாவது "அண்ணன் சொல்றது சரிதான்"னு வாயத் திறப்பான்னு பாத்தேன். ம்ஹூம். ஹார்ட் போட்டவங்க லிஸ்ட்ல இருக்கானுங்க.

"விடுங்க ப்ரோ, லைட்டா எடுத்துக்கோங்க"ன்னு கமெண்ட் போட வர்றவங்க வேணாம், வராதீங்க. சீனியர் சார், அந்த சாம்பல் படத்தை எடுத்துடுங்க. எடுக்க மனசு வரலன்னா என் பேரையாச்சும் அதுலேருந்து எடுங்க.