கால் கட்டை விரலில் மாட்டிய நார்

போன வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பூக்கட்டிய கை அது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரி மல்லி வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தால், பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் பேசிக்கொண்டே, கையைக் குனிந்துகூடப் பார்க்காமல் முழம் முழமாகக் கட்டித் தள்ளுவார். அந்தக் கை மடியில் அசையாமல் கிடந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் "மனசு வச்சா எல்லாம் சரியாகும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் சரியாகாத ஆள் மனசு வைக்கவில்லை என்று அர்த்தமா?

எங்கள் அம்மாச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது அரவிந்த் கண் மருத்துவமனையில். அதை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமியை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். பிரசவ மருத்துவம் பார்க்க ஆசைப்பட்டவருக்கு அந்தக் கையோடு அது முடியாது என்றானது. அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார், கோணல் விரலிலேயே கத்தி பிடிக்கப் பழகினார், அதே கையால் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். 1976-ல் அரசு வேலையில் ஓய்வு பெற்றபோது வயது 58. அதற்கப்புறம்தான் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார்! கூடவே அவர் தங்கை நாச்சியார், தங்கை கணவர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே வந்து நின்றது. விரல் கடைசிவரை நிமிரவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வராததை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கவில்லை, இருக்கிற விரலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வைராக்கியம் என்று நான் நம்புவது இதைத்தான்.

நம்ம சக்கிமங்கலம் ரேவதியும் அப்படித்தான். செருப்பில்லாத காலோடு ஓட ஆரம்பித்து டோக்கியோ ஒலிம்பிக் வரை போன பெண். அவர் உறுதியைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அப்பா அம்மா இல்லாத பேத்தியைக் கூலி வேலை பார்த்து வளர்த்து, ஓட அனுப்பிய பாட்டியின் உறுதியை யார் பேசுகிறோம்? ஒருத்தர் தனியாக மனசு வைத்து மட்டும் ஜெயித்ததை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனோம், வலது கையில் கொஞ்சம் பிடிமானம் வந்தது, முழுசாக வரவில்லை. ஒரு நாள் அவராகவே வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு முனையைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, வலது கையால் பூவை அழுத்திப் பிடித்து, இடது கையால் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். தூக்கியதும் பூவெல்லாம் கொட்டியது. மறுநாளும் கொட்டியது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டிரண்டு பூவாக எடுத்துக் கொடுப்பாள். எத்தனை நாள் அப்படிப் போனது என்று நாங்கள் எண்ணவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒரு முழம் கட்டினார், ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு இடம் தளர்ந்திருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்து, அவிழ்த்து, மறுபடி கட்டினார். சாமி படத்துக்குப் போடலாம் என்றேன். வேண்டாம் என்று திண்ணையில் கூடையில் வைத்தார். எதிர் வீட்டு அக்கா வந்து விலை கேட்டு, பேரம் பேசி, வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்.