ரோமை அழித்தது இலவசக் கோதுமையா?

தேர்தல் நெருங்கினால் போதும், யாராவது ரோமாபுரியைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கொலோசியத்தின் படம் ஒன்று, அதன் கீழே "இலவச ரொட்டியும் கேளிக்கையும் கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாக்கினார்கள், பேரரசே அழிந்தது" என்று இரண்டு வரி. இலவசங்களை எதிர்க்க ஒருவருக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ரோமைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்று ஒருமுறையாவது காதுகொடுத்துக் கேட்க வேண்டாமா?

ரோம் நகரத்தில் மானிய விலைக்குக் கோதுமை தரும் சட்டத்தை மக்கள் பிரதிநிதியான கையஸ் கிராக்கஸ் கொண்டுவந்தது கி.மு. 123இல். அதை முற்றிலும் இலவசமாக்கியவர் குளோடியஸ் என்ற அரசியல்வாதி, கி.மு. 58இல். எகிப்து, பிரிட்டன், டாசியா (இன்றைய ருமேனியா) எல்லாம் ரோமின் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். மேற்கில் கடைசிப் பேரரசன் பதவியிழந்தது கி.பி. 476இல். குடித்தவன் ஐந்நூறு ஆண்டுக்குமேல் கொழுகொழுவென்று வாழ்ந்தால் அதை விஷம் என்று யாராவது சொல்வார்களா?

அந்தக் காலத்து எதிர்ப்பாளர்களும் சுவையானவர்கள். கிராக்கஸின் சட்டத்தைக் கடைசிவரை எதிர்த்தவர்களில் ஒருவர் பீசோ, ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சலாக முன்பு இருந்தவர். சட்டம் நிறைவேறியதும் கோதுமை வாங்க அவரே வந்து கூட்டத்தில் நின்றார். கிராக்கஸ் பார்த்துவிட்டு, எல்லோரும் கேட்கும்படி, எதிர்த்த நீங்கள் வாங்க வந்திருப்பது எந்த நியாயம் என்று கேட்டார். "என் சொத்தை நீ ஆளாளுக்குப் பங்குபோடுவது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் போடுகிறாய் என்றால் என் பங்கை நான் கேட்பேன்" என்றாராம் பீசோ. சிசரோ பதிவு செய்திருக்கும் கதை இது. கி.மு. 62இல் பயனாளிகளைக் கூட்டிய சட்டத்தைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? சிக்கனத்துக்கும் பழமைப்பிடிப்புக்கும் பேர்போன கேட்டோ. ஆட்சியைக் கைப்பற்றக் கேட்டலைன் என்பவர் நடத்திய கலகம் அடங்கிய சூட்டில், ஏழைகள் சீசர் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்ற பயம் கொள்கையை ஓரம்கட்டிவிட்டது.

சரி, கிடைத்தது எவ்வளவு? மாதம் 5 மோடியஸ், நம் கணக்கில் சுமார் 33 கிலோ கோதுமை. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேருக்கு. ரோம் நகரில் குடியிருக்கும் ஆண் குடிமகன்களுக்கு மட்டும்தான். பெண்களுக்கு இல்லை, அடிமைகளுக்கு இல்லை, வெளியூர்க்காரர்களுக்கு இல்லை. ஓர் ஆள் வயிறாரச் சாப்பிடலாம், மனைவி மக்களோடு சாப்பிட முடியாது. வீட்டு வாடகை, எண்ணெய், விறகு எல்லாம் சொந்தக் காசில். இதை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகாமல் காலை நீட்டிப் படுத்திருந்தான் என்பது, மாத முடிவில் ஒரு குடும்பச் செலவுக் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காதவர்களின் கற்பனை.

வெகுகாலம் கொடுத்தது தானியம்தான், ரொட்டி அல்ல. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் ஆரேலியன் காலத்தில்தான் அது சுட்ட ரொட்டியானது. இடைப்பட்ட காலத்தில் அரைக்கவும் சுடவும் ஒரு தொழிலே செழித்தது. ரோமில் போர்த்தா மஜ்ஜோரே வாசலருகே இன்றும் நிற்கிறது ரொட்டி சுட்டுப் பணக்காரரான யூரிசாசிஸின் கல்லறை. சுற்றுச்சுவரில் வரிசையாகப் பெரிய வட்டத் துளைகள், மேலே புடைப்புச் சிற்பங்களில் கழுதை திரிகையைச் சுற்றுகிறது, ஆட்கள் மாவு பிசைகிறார்கள், அடுப்பில் வைக்கிறார்கள், எடை போடுகிறார்கள். சோம்பேறி நகரத்தில் இத்தனை வேலையா!

உண்மையில் இது புவியியல் விவகாரம். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் நெருங்கி வாழ்ந்த நகரத்துக்குச் சுற்றுவட்டார வயல்கள் போதவில்லை. வட ஆப்பிரிக்காவிலிருந்தும் எகிப்திலிருந்தும் கப்பலில் வர வேண்டும். அலெக்சாந்திரியாவிலிருந்து வரும்போது எதிர்க்காற்று, ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் கடலில் இறங்கவே அஞ்சுவார்கள். கி.பி. 51இல் நகரத்தில் 15 நாள் தானியம்தான் மிச்சமிருந்தது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். கூட்டம் பேரரசர் கிளாடியஸைப் பொது மன்றத்தில் மடக்கி ரொட்டித் துண்டுகளால் அடித்தது, அவர் பின்வாசல் வழியாக அரண்மனைக்குள் ஓடினார். ஓடியவர் சும்மா இருக்கவில்லை. புயலில் கப்பல் போனால் நட்டத்தை அரசே ஏற்கும் என்று வணிகர்களுக்கு வாக்குக் கொடுத்தார். ரோமின் துறைமுக ஊரான ஆஸ்டியா அருகே புதுத் துறைமுக வேலையையும் அவர்தான் தொடங்கி வைத்திருந்தார். கருணையால் மட்டும் நடந்த காரியமல்ல இது.

"ரொட்டியும் கேளிக்கையும்" என்ற வரியை எழுதிய ரோமானியக் கவிஞர் ஜூவனலும் வேறு எதையோ சொல்கிறார். "நாம் வாக்குகளை விற்பது நின்றுபோன நாள்முதல் மக்களுக்கு அக்கறை போய்விட்டது" என்பதுதான் அவர் புலம்பல். தேர்தலை மக்கள் மன்றத்திடமிருந்து பறித்து செனட்டிடம் ஒப்படைத்தது கி.பி. 14இல், பேரரசர் டைபீரியஸ் காலத்தில். உரிமையைப் பிடுங்கியவனை விட்டுவிட்டு, மிச்சமாக ரொட்டியைப் பிடித்துக்கொண்டவனைக் கேலி செய்கிறோம்.

கஜானாவைக் கரைத்த இலவசம் எது என்று பார்த்தால் அது வேறு இடத்தில் இருக்கிறது. கி.பி. 193இல் அரண்மனைக் காவற்படையினர் பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலம் விட்டார்கள். டிடியஸ் ஜூலியானஸ் காவற்படையினர் ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பேசி எடுத்தார். சாதாரணப் படைவீரனின் ஓராண்டுச் சம்பளம் அப்போது 1,200. ஏலம் எடுத்தவர் ஆண்டது 66 நாள். இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குமுறினாரே, அதில் நம் சேர நாட்டு மிளகும் உண்டு. அதைத் தின்றவனையும் யாரும் சோம்பேறி என்பதில்லை.

அழிவுக் கதையையும் தலைகீழாகத்தான் படிக்கிறார்கள். கி.பி. 439இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜைப் பிடித்தார்கள், ஆப்பிரிக்கக் கோதுமை ரோமின் பிடியிலிருந்து போயிற்று, நகரம் சுருங்கியது. கிழக்கு ரோமானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளிலும் இலவச ரொட்டி உண்டு. பாரசீகர்கள் எகிப்தைப் பறித்துக்கொண்டிருந்த 618ஆம் ஆண்டுதான் பேரரசர் ஹெராக்ளியஸ் அதை நிறுத்தினார். அந்த அரசு 1453 வரை தள்ளாடியாவது நின்றது.

ரோமின் ரேஷனைக் குற்றம் சொல்ல உண்மையிலேயே ஆசையிருந்தால் எகிப்துக்குப் போக வேண்டும். அது பேரரசரின் தனிப்பிடியில் இருந்த மாகாணம், அனுமதியில்லாமல் ஒரு செனட்டர் கால்வைக்க முடியாது. கி.பி. 19இல் அங்கே போய்க் களஞ்சியத்தைத் திறந்து தானிய விலையைக் குறைத்த ஜெர்மானிக்கஸ், வளர்ப்புத் தந்தை டைபீரியஸிடமே திட்டு வாங்கினார். விதித்ததைவிட அதிகமாக வரி வசூலித்து அனுப்பிய எகிப்து ஆளுநருக்கு அதே டைபீரியஸ், "என் ஆடுகளுக்கு உரோமத்தைக் கத்தரித்தால் போதும், மொட்டையடிக்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியதாக வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். அந்த ஆடுகள் நைல் கரை உழவர்கள். வரிக் கோதுமையை அளக்க முடியாதவர்கள் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடினார்கள், ஓடியவன் பாக்கியை ஊரில் மிஞ்சியவர்கள் தலையில் கட்டினார்கள். பாப்பிரஸ் ஏடுகளில் அந்த முறையீடுகள் இன்றும் இருக்கின்றன.